தேச்சியின் பாட்டுக்கு ஒரு பிறப்பு

கல்யாணத்துக்குப் பதினோரு நாள் இருக்கும்போது பெள்ளியப்பா மணப்பெண்ணின் பிறப்பைக் கேட்டு வந்தார்.

நான் கிணற்றடியில் பம்பு செட்டைப் பிரித்துப்போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்த வருஷம் மார்ச்சில் வரவேண்டிய பூ மழை குடகையே ஏமாற்றிவிட்டது. காப்பிச் செடிகளில் மொட்டு பச்சை ஊசிபோல நின்றது. தண்ணீர் பட்டால் எட்டு ஒன்பது நாளில் தோட்டம் முழுக்க வெள்ளையாகும், படாவிட்டால் அப்படியே கருகும். பெண்ணெடுக்க வருகிறவர்கள் கருகின தோட்டத்துக்கு நடுவிலா நடந்து வருவார்கள் என்று மணப்பெண்ணின் அம்மா சோண்டம்மா என்னைக் கேட்டுக்கொண்டே இருந்தார். அன்றைக்குள் பம்பு ஓடினால்தான் கல்யாணத்துக்குப் பூ. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

கூடலூரிலிருந்து இருபது வயதில் ஸ்பானரோடு வந்தவன் நான். காப்பிப் பழம் உரிக்கும் இயந்திரம், பம்பு, நெல் மிஷின் எது நின்றாலும் சுற்று வட்டாரத்தில் என்னைத்தான் கூப்பிடுவார்கள். சோண்டம்மா வீட்டுக் களத்தை ஒட்டிய அறையில் இருபத்தெட்டு வருஷமாகக் குடியிருந்தேன். எல்லோருக்கும் நான் 'மிஷின் அண்ணா'. அசல் பேரைச் சொன்னால் யாரென்று கேட்பார்கள்.

பெள்ளியப்பா சோண்டம்மாவின் தம்பி. சாதாரண நாளில் ஏலக்காய்த் தோட்டம். கல்யாணமும் சாவும் வந்துவிட்டால் அவர் கையில் உடுக்கை போன்ற துடி ஏறிவிடும், அவர் வேறு ஆளாகிவிடுவார். இங்கே பாட்டுக்கு நான்கு பேர் நிற்பார்கள், ஆளுக்கொரு துடி. இருவர் அடியை எடுத்துக் கொடுப்பார்கள், இருவர் அதையே திருப்பிப் பாடுவார்கள். கல்யாணம் என்றால் பெண் பிறந்த மாதம், ஆட்டிய தொட்டில், வைத்த பேர், முதல் நடை, பள்ளிக்கூடம் என்று ஒவ்வொன்றாக வந்து மணையில் நிறுத்திவிடுவார்கள். என்றைக்கோ அவள் செத்துப்போனால் வேறு நான்கு பேர் அதே பிறப்பிலிருந்து எடுத்து, கல்யாணத்தைக் கடந்து, பெற்ற பிள்ளைகளைச் சொல்லி, படுத்த பாயைச் சொல்லி, சுடுகாட்டுப் பாதை வரைக்கும் கொண்டுபோய் விடுவார்கள். முதல் பாதி மட்டும் மாறாது. கல்யாணத்தில் ஊர் கேட்டதைத்தான் சாவிலும் பாட வேண்டும்.

கிணற்றை ஒட்டிய அடுப்படியில் சோண்டம்மா அரிசி மாவை உருட்டிக்கொண்டிருந்தார். பெள்ளியப்பா மணைப்பலகையை இழுத்துப் போட்டுக்கொண்டு மெதுவாகக் கேட்டார்.

"அக்கா, பிறப்பை எப்படி எடுக்கட்டும்?"

"எல்லார் பிறப்பையும் எப்படி எடுப்பியோ அப்படி எடு."

அப்போதுதான் மணப்பெண் தேச்சி பள்ளிக்கூடத்திலிருந்து வந்தாள். கழுத்தில் விசில் அப்படியே தொங்கியது. பொண்ணம்பேட்டைப் பக்கம் ஒரு பள்ளியில் விளையாட்டு டீச்சர். மாநில அணிக்கு ஹாக்கி ஆடியவள், வயது இருபத்தைந்து. கூப்பிட்டால் மூன்று தோட்டம் தாண்டிக் கேட்கும். அன்றைக்கு மட்டும் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"மாமா, என்னைப் பெத்தவ பேர் பாட்டுல வரணும்."

சோண்டம்மாவின் கையிலிருந்த மாவுருண்டை உருளாமல் நின்றது.

தேச்சியைப் பெற்றவள் சோண்டம்மா இல்லை என்பது அந்தக் கூரையின்கீழ் மூன்று பேருக்கும், கிணற்றடியில் இருந்த எனக்கும் தெரியும். தேச்சிக்குப் பதினாறு வயதில் சோண்டம்மாவே சொல்லிவிட்டார். கட்டிக்கொள்ளப்போகிற நாணய்யாவிடம் இரண்டாம் முறை பார்த்தபோதே தேச்சி சொல்லிவிட்டாள். அவன், கல்யாணத்துக்கு அப்புறமும் ஹாக்கி ஆடுவியா என்று கேட்டானாம். மற்றபடி ஊருக்குத் தெரியாது.

எழுபதாம் வருஷம் ஆடியில் நாற்று நடவுக்குக் கீழ்நாட்டிலிருந்து ஒரு கும்பல் வந்திருந்தது. மழை என்றால் அப்படி மழை. நடவு வயலில் ஒருத்திக்கு நோவு கண்டுவிட்டது. சோண்டம்மாவின் புருஷன் குட்டய்யாவும் நானும் அவளைப் பலகையில் வைத்துத் தூக்கிவந்து கூலிவரிசை வீட்டில் கிடத்தினோம். ஆறு பாலத்தை மூடிவிட்டது. டாக்டரைக் கூப்பிட அந்தப் பக்கம் போக முடியவில்லை. விளக்கு வைக்கும் நேரத்துக்குப் பெண் பிறந்தது. பெற்றவள் அதைப் பார்த்தாள், கொஞ்சம் தண்ணீர் கேட்டாள், போய்விட்டாள். சோண்டம்மாவுக்குக் கல்யாணமாகி ஒன்பது வருஷம், பிள்ளையில்லை. வெள்ளம் வடிந்ததும் பெள்ளியப்பா ஜீப்பில் அக்காவையும் குழந்தையையும் பிறந்த வீட்டுக்குக் கொண்டுபோனார். அடுத்த மாசியில் திரும்பியபோது, தாய் வீட்டில் பெற்றுக்கொண்டு வந்திருக்கிறாள் என்று ஊர் சொன்னது. இவர்களும் ஆமாம் என்றார்கள்.

ஒன்று சொல்ல எனக்கே வெட்கமாக இருக்கிறது. நான் தோள்கொடுத்துத் தூக்கியவளின் பேர் எனக்குத் தெரியாது. நடவுப் பெண்களை யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

தேச்சிக்கு இந்த ஆசை அன்றைக்கு முளைத்ததல்ல. ஏழு வருஷத்துக்கு முன்னால் குட்டய்யா இறந்தபோது பெள்ளியப்பாதான் சாவுப் பாட்டு எடுத்தார். மகள் பிறந்தாள் என்று பாட வேண்டிய இடத்தில் 'மகள் வந்தாள்' என்று பாடினார். ஊரார் கவனிக்கவில்லை. அப்பாவின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த தேச்சி கவனித்துவிட்டாள். மாமா பொய் பாடமாட்டார் என்று அன்றைக்கே தெரிந்துகொண்டாளாம்.

சோண்டம்மா ஒத்துக்கொள்ளவில்லை. மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர்கள் கூட்டத்தோடு எழுந்து போய்விடுவார்கள் என்றார். கரும்பய்யா என்ன செய்வார் என்று நினைக்கவே முடியவில்லை என்றார்.

கரும்பய்யா குட்டய்யாவின் அண்ணன், அந்த வீட்டுக்கே மூத்தவர். ராணுவத்தில் சுபேதாராக இருந்து வந்தவர். எழுபத்திரண்டு வயதிலும் மீசையை எண்ணெய் போட்டு நிமிர்த்தி வைத்திருப்பார். தேச்சி பிறந்த வருஷம் அவர் எல்லையில் இருந்தார். அவர்தான் பெண்ணின் கையைப் பிடித்துத் தூக்குவிளக்கின் கீழே கூட்டிவர வேண்டும். அதைவிடப் பெரிய சிக்கல், திருப்பிப் பாடுகிற இருவரில் ஒருவர் அவர். இன்னொருவர் தபால்கார மாச்சய்யா. எடுப்பவர் என்ன பாடப்போகிறார் என்று திருப்புகிறவர்களிடம் முன்கூட்டிச் சொல்கிற வழக்கமில்லை. வாயிலிருந்து விழுந்ததைப் பிடித்துத் திருப்ப வேண்டும். பிடிக்காமல் விட்டால் பாட்டு அங்கேயே அறுந்துபோகும். கல்யாண வீட்டில் பாட்டு அறுவது என்றால் தாலிச்சரடு அறுந்த மாதிரிதான் பார்ப்பார்கள்.

"வாசலே தங்கம், மாட்டுக் கொம்பே வெள்ளின்னு எல்லா வீட்டுக்கும் பாடறே. இதை மட்டும் என்னடா?" என்று சோண்டம்மா தம்பியைக் கேட்டார்.

"வாசல் பலாப்பலகைன்னு எல்லாரும் பார்க்கறாங்க, அக்கா. அது பொய் இல்ல, அலங்காரம். இது அப்படியா? நாளைக்கு நாமெல்லாம் போயிடுவோம். அவ சாகற அன்னைக்கு நாலு பேர் துடியோட நிப்பாங்க. நான் இன்னைக்கு எந்த வயித்தைச் சொல்றேனோ அங்கிருந்துதான் எடுப்பாங்க. வழியெல்லாம் தப்பாப் போகும்."

சோண்டம்மா அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். அடுப்போடு பேசுவதுபோலச் சொன்னார்.

"அவ பேரைப் போட்டா அவளுக்கு நோவு வரும், ரத்தம் வரும், சாவு வரும். பாட்டுல எனக்கு என்ன வரும்?"

நான் பிரித்துப்போட்டதைப் பூட்டிப் பம்பைக் கிளப்பினேன். மூன்றாவது இழுப்பில் பிடித்துக்கொண்டது. குழாய்த் தலைகள் சுழன்று சுழன்று செடிமேல் தண்ணீரைத் தூவியபோது தேச்சி வாசலில் நின்று ஒரு விசில் அடித்தாள் பாருங்கள், ஆலமரத்துக் காக்கை முழுக்கக் கிளம்பிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை ஜீப்பை எடுத்துக்கொண்டு கிளம்பினோம். தேச்சி ஓட்டினாள். பக்கத்தில் பெள்ளியப்பா, பின்னால் நான். அந்த வருஷத்து நடவுக் கும்பலின் மேஸ்திரி ஜவரய்யா ஹுணசூருக்கு அப்பால் ஒரு புகையிலை ஊரில் உயிரோடு இருக்கிறார் என்று, அந்தப் பக்கம் பம்பு ரிப்பேருக்குப் போனபோது கேள்விப்பட்டிருந்தேன். சோண்டம்மாவிடம் பாத்திரக்கடைக்குப் போவதாகச் சொன்னோம். அவர் நம்பவில்லை. ஆனாலும் வழியில் சாப்பிட என்று அரிசி ரொட்டியும் எள்ளுச் சட்னியும் கட்டிக்கொடுத்தார்.

குடகின் சரிவு இறங்கியதும் வெயில் மாறிவிட்டது. நாலு ஊரில் விசாரித்தோம். ஒரு ஊரில் வேறொரு ஜவரய்யாவை எழுப்பிக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். மூன்று மணிக்கு மேல்தான் எங்கள் ஆள் கிடைத்தார். புங்கமரத்தடியில் கேழ்வரகுக் களியை முழுங்கிக்கொண்டிருந்தார். பல் இல்லை. ஞாபகம் மட்டும் இரும்பு. என்னைப் பார்த்ததும், அந்த நெல் மிஷின் பையன்தானே என்றார்.

தேச்சியை ஒரு நிமிஷம் நிமிர்ந்து பார்த்தார். களியைக் கீழே வைத்துவிட்டார்.

"கெம்பி பொண்ணு" என்றார். "சொல்ல வேண்டாம் தாயி, தெரியுது. அவளும் இப்படித்தான், பனை மாதிரி நிப்பா."

அதன்பின் அவர் நிறுத்தவில்லை. புருஷனைச் சித்திரையில் பாம்பு கடித்துவிட்டது. வேறு நாதியில்லை. ஒன்பது மாசத்தை ஐந்து மாசம் என்று சொல்லி, சேலையைத் தளரக் கட்டிக்கொண்டு லாரியில் ஏறிவிட்டாள். வேண்டாம் என்று இறக்கிவிட்டால் அந்தப் பருவத்துக்குக் கூலி கிடையாது என்று பயம். அட்டைக்குப் பயந்து கணுக்காலில் புகையிலையைக் கட்டிக்கொள்வாள். நடவில் எப்போதும் முதல் வரிசை. பின்னால் வருகிறவர்களைத் திரும்பிப் பார்த்துக் கேலி பண்ணிக்கொண்டே நடுவாள்.

"நோவு எடுத்தப்பகூட கையில இருந்த நாத்து முடியை நட்டு முடிச்சுட்டுத்தான் உட்கார்ந்தா. நான் பார்த்தேன் தாயி. திட்டக்கூடத் திட்டினேன், ஏன் நிக்கறேன்னு. தெரியாம திட்டிட்டேன்."

தேச்சி குனிந்து அவர் காலைத் தொட்டாள். திரும்பும்போது ஜீப்பை அவள் ஓட்டிய வேகத்தில் நான் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். ஆளில்லாத ரோட்டில், கெம்பி, கெம்பி என்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டாள். அப்புறம் நீளமாக ஹார்ன் அடித்தாள். பெள்ளியப்பாவோ முழங்காலில் விரலால் தாளம் தட்டி, வாய்க்குள்ளேயே அந்தப் பேரை அடியில் உட்காரவைத்துப் பார்த்துக்கொண்டு வந்தார். சின்னப் பேர், எங்கே வைத்தாலும் உட்காருது என்று அவருக்கு ஒரே சந்தோஷம்.

வீட்டுக்கு வந்ததும் தேச்சி எல்லாவற்றையும் அம்மாவிடம் சொன்னாள். சோண்டம்மா கேட்டுக்கொண்டார். சரி என்றும் சொல்லவில்லை, கூடாது என்றும் சொல்லவில்லை. அடுத்த ஆறு நாளும் வீடு முழுக்க விருந்தாள், பந்தல்காரன், பாத்திரம், சமையல்காரன். இந்தப் பேச்சுக்கு இடமே இல்லை.

கல்யாணத்தன்று காலையில் கதவைத் திறந்தேன், தோட்டம் வெள்ளையாக நின்றது. கிளை தெரியவில்லை. மல்லிகைபோல ஒரு மணம் மேட்டிலிருந்து இறங்கிவந்து, பன்றிக்கறி கொதிக்கிற அண்டா வாசனையோடு கலந்து நின்றது. ஊரே பேசிக்கொண்டு நின்றது. இரண்டு பேர் என் முதுகில் தட்டினார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஜெனரேட்டருக்கு டீசல் ஊற்றிக்கொண்டிருந்தபோது களத்தின் பின்பக்கம் சோண்டம்மா வந்தார். பட்டுச்சேலை கட்டி, முந்தானையைத் தோளில் முடிந்திருந்தார். மிளகுத் தண்ணீரால் தொண்டையைக் கொப்பளித்துக்கொண்டிருந்த தம்பியின் எதிரில் போய் நின்றார். நான் நகரப் பார்த்தேன். இரு என்று கையைக் காட்டினார்.

"பாடு. ஆனா என் பேர் எங்க வருது?"

"அவ போனதுக்கு அடுத்த அடியில, அக்கா."

"நான் என்ன பண்ணினேன்னு வருது?"

"எடுத்தேன்னு."

"எடுத்தேன்னு மட்டும் பாடாதே. கீழே கெடந்ததை யார் வேணும்னாலும் எடுப்பாங்க. ஆறு நாள் பாலம் இல்ல. பசும்பாலைத் துணியில நனைச்சுச் சொட்டுச் சொட்டா ஊட்டினேன். படுத்தா சூடு போயிடும்னு ஆறு நாளும் உட்கார்ந்தே இருந்தேன். அப்புறம் ரெண்டு மாசம் எனக்கு முதுகு நிமிரல. அதைப் பாடுவியா?"

பெள்ளியப்பா வாயிலிருந்த தண்ணீரைத் துப்பிவிட்டு அக்காவையே பார்த்தார். இதை ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்று கேட்டார். யாரும் கேட்கவில்லையே என்றார் சோண்டம்மா.

கரும்பய்யா பாவாவிடம், அத்தானை இங்கே அப்படித்தான் சொல்வார்கள், முன்னாடியே சொல்லட்டுமா என்றார் பெள்ளியப்பா. வேண்டாம், சொன்னால் துடியைத் தொடவே மாட்டார், பாட்டிலேயே கேட்டுக்கொள்ளட்டும் என்று சொல்லிவிட்டு சோண்டம்மா விறுவிறுவென்று அடுக்களைக்குப் போய்விட்டார்.

பதினொரு மணிக்கு மாப்பிள்ளை வீட்டார் கொம்பும் கொட்டுமாக வந்து சேர்ந்தார்கள். முற்றத்தில் நிற்க இடமில்லை. தேச்சி சிவப்புப் பட்டில், முக்காட்டோடு மணையில் உட்கார்ந்திருந்தாள். நான்கு பேரும் கறுப்பு அங்கி, சிவப்புக் கச்சை, இடுப்பில் வெள்ளிக் கத்தியோடு எதிரெதிராக நின்றார்கள். ஒரு பக்கம் பெள்ளியப்பாவும் அவருடைய ஜோடியும். எதிர்ப்பக்கம் கரும்பய்யாவும் மாச்சய்யாவும். துடி பேச ஆரம்பித்தது.

முதலில் நாட்டைப் பாடினார்கள், வீட்டைப் பாடினார்கள். வாசல் தங்கமாயிற்று, கொம்பு வெள்ளியாயிற்று. கரும்பய்யாவின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி வந்தது. பிறகு பிறப்பு வந்தது. அவர்களுடைய குடகு மொழியில் இருந்த இழைவு என் தமிழில் வராது, சொல்லை மட்டும் சொல்கிறேன்.

ஆடி மாதம், ஆறு ஏறி ஊரை அளந்த மாதம் என்று எடுத்தார் பெள்ளியப்பா. இருவரும் திருப்பினார்கள்.

வயல் நிறைய நடவுப் பெண்கள், முதல் வரிசையில் ஒருத்தி என்றார். கரும்பய்யா புருவத்தைச் சுருக்கினார். ஆனாலும் திருப்பினார்.

கையிலிருந்த நாற்றை நட்டாள், இடுப்பில் நோவு கண்டாள்.
கெம்பி என்பது அவள் பேர், கீழ்நாட்டுப் பெண் அவள்.

கரும்பய்யா வாயை மூடிக்கொண்டார்.

மாச்சய்யா தனியாகத் திருப்பினார். முப்பது வருஷமாக வந்த கடிதத்தை வந்தபடியே கொடுத்துப் பழகியவர். அந்த விசுவாசத்தில் குரல் வந்தது. கூட்டத்தில் ஒரு சலசலப்பு ஓடியது. மாப்பிள்ளையின் தாய்மாமன் மந்தண்ணா எழுந்து நின்று, இது என்ன பாட்டு என்று பக்கத்தில் கேட்டார். நாணய்யா அவர் கையைப் பிடித்து உட்காரவைத்தான்.

பிள்ளையை மண்மேல் வைத்தாள், தான் மண்ணுக்குள் போனாள்.

மறுபடியும் மாச்சய்யா மட்டும். குரல் மெலிந்துவிட்டது. நான் கரும்பய்யாவின் கையைப் பார்த்தேன். வாய் மூடியிருந்தது, கை மட்டும் துடியை விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. முகம் செங்கல்லாகிவிட்டது. பெள்ளியப்பா அவர் பக்கமே பார்க்கவில்லை. முக்காட்டுக்குள் தேச்சி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள்.

ஆறு நாள் பாலம் இல்லை, ஆறு நாள் பாதை இல்லை.
பசுவின் பாலைத் துணியில் நனைத்துச் சொட்டுச் சொட்டாய் ஊட்டினாள்.

மாச்சய்யாவுக்குச் சுதி போய்விட்டது. இன்னும் ஓர் அடிதான், அறுந்துவிடும் என்று நினைத்தேன். அப்போது அடுக்களை வாசலில் சோண்டம்மா வந்து நின்றார். முப்பத்தைந்து வருஷமாகக் கரும்பய்யாவுக்கு எதிரில் நேராக நின்றதில்லை, கதவுக்குப் பின்னாலிருந்தே பேசுவார். இப்போது நேராக நின்று, அவரை நேராகப் பார்த்தார்.

படுத்தால் சூடு போகுமென்று உட்கார்ந்தே இரவு கழித்தாள்.
சோண்டம்மா என்பது அவள் பேர், அவளே இவளின் தாய்.

மாச்சய்யா வாயைத் திறக்கும் முன்னால் கரும்பய்யா பிடித்தார். பிடித்தார் என்றால், முற்றத்து ஓடு அதிர்ந்தது. சோண்டம்மா என்பது அவள் பேர். மூச்சு விடாமல் இழுத்துக்கொண்டு போய், அவளே இவளின் தாய் என்று இறக்கினார். மாச்சய்யா அந்தக் குரலுக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டார். எனக்குக் கண் மறைத்துவிட்டது. பெண்கள் பக்கத்திலிருந்து யாரோ விசும்பினார்கள்.

அதன்பின் பாட்டு ஓட்டமாக ஓடியது. தொட்டில் வந்தது, பேர் வந்தது. ஆறாம் வயதில் பலாக்கொம்பை வளைத்து ஹாக்கி மட்டை செய்தாள், அண்டை வீட்டுக் கூரை ஓட்டை எண்ணி உடைத்தாள் என்று வந்தபோது கூட்டம் சிரித்துப் புரண்டது. பக்கத்து வீட்டுக்காரர், இன்னும் ரெண்டு ஓடு பாக்கி என்று கத்தினார். மணையில் கொண்டுவந்து நிறுத்தி, மீதி வாழ்க்கை நீளட்டும் என்று நான்கு துடியும் ஒரே அடியாக நின்றன.

நின்றதும் மந்தண்ணா வந்துவிட்டார். நாணய்யா பின்னாலேயே ஓடிவந்தான்.

"சுபேதார், நேரா கேக்கறேன். இந்தப் பொண்ணு உங்க வீட்டுப் பொண்ணா, இல்லையா?"

கரும்பய்யா துடியை அக்குளில் இடுக்கிக்கொண்டு மீசையைத் துடைத்தார்.

"கேட்டீங்கல்ல? என் வாயால பாடினேன். நான் பாடினது தப்புன்னா இந்தாங்க துடி, நீங்க வேற மாதிரி பாடுங்க. நான் திருப்பிச் சொல்றேன்."

துடியை நீட்டியே விட்டார். மந்தண்ணா அதை வாங்கவில்லை. நாணய்யா தனக்கு இரண்டு வருஷமாகத் தெரியும் என்றான். எனக்கு ஏன் சொல்லவில்லை என்று மந்தண்ணாவின் கோபம் அவன் பக்கம் திரும்பியது. கொஞ்ச நேரம் இருவரும் மாட்டுக்கொட்டில் ஓரமாக நின்று பேசினார்கள். நான் டீசல் டின்னைத் தூக்கிக்கொண்டு காரணமில்லாமல் அந்தப் பக்கம் இரண்டு தடவை நடந்தேன். கடைசியில் மந்தண்ணா தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டு முற்றத்துக்கு வந்தார். தேச்சியை மேலும் கீழும் பார்த்தார்.

"துணியில நனைச்ச பாலுக்கா இந்த உசரம்?"

அவ்வளவுதான். வரிசையில் நின்று, அரிசியை எடுத்து அவள் முழங்காலில், தோளில், தலையில் தூவி, மூக்கு வைத்த கிண்டியிலிருந்து ஒரு வாய்ப் பால் கொடுத்து வாழ்த்தினார். அவருக்கு முன்னால், எல்லோருக்கும் முதலாக, சோண்டம்மா வாழ்த்தியிருந்தார். அப்போது தேச்சி அம்மாவின் கையை விடவே இல்லை. பின்னால் நின்றவர்கள் சோறு ஆறுகிறது என்று முணுமுணுக்கும் வரைக்கும் விடவில்லை.

கரும்பய்யா சாப்பாட்டுப் பந்தியில் மாச்சய்யாவைப் பிடித்துக் கடித்துக்கொண்டிருந்தார். இப்படிச் சுதியைக் கொலை பண்ணுகிறவனை வைத்துக்கொண்டு எவன் பாடுவான், கேட்க முடியாமல்தான் வாயைத் திறந்தேன், வேறொன்றுமில்லை என்றார். மாச்சய்யா தலையை ஆட்டிக்கொண்டே இன்னும் இரண்டு கடம்புட்டு உருண்டையும் கறியும் போட்டுக்கொண்டார். பெள்ளியப்பா மட்டும் அன்று முழுக்கக் கரும்பய்யாவின் கைக்கு எட்டாத தூரத்திலேயே இருந்தார்.

நாலு மணிக்குப் பெண்ணை அழைத்துக்கொண்டு கிளம்பினார்கள். வெள்ளைத் தோட்டத்துக்கு நடுவே ஜீப்புகள் ஏறிப் போயின. கடைசி ஜீப்பின் புழுதி அடங்கும்வரை சோண்டம்மா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். பெண்ணின் தாய் கூடப் போகிற வழக்கம் இல்லை.

பந்தலில் நாலைந்து பேர்தான் மிச்சம். நான் ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். கரும்பய்யா ஒரு நாற்காலியில் சாய்ந்து, பிராந்தி டம்ளரோடு கண்ணை மூடியிருந்தார். சோண்டம்மா வந்து அவருக்கு எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார். உட்கார்ந்தார் என்பதையே நான் நம்பவில்லை.

"பாவா, அந்த அடியை இன்னொரு தடவை பாடுங்க."

"எந்த அடி?"

"உங்களுக்குத் தெரியும்."

கரும்பய்யா கண்ணைத் திறக்கவில்லை. எடுத்துக்கொடுக்க ஆள் இல்லாமல் தான் பாடுவதில்லை, தன் வேலை திருப்பிச் சொல்வது மட்டும்தான், பெள்ளியப்பா பெண்ணோடு போய்விட்டான் என்றார்.

சோண்டம்மா தொண்டையைச் செருமினார். இந்த வீட்டுப் பெண்கள் துடிப்பாட்டு எடுத்து நான் கேட்டதில்லை. அடுக்களையில் யாருக்கும் கேட்காமல் முனகுகிற குரல்தான் வந்தது. ஆனால் சுதி சுத்தமாக இருந்தது.

"படுத்தால் சூடு போகுமென்று உட்கார்ந்தே இரவு கழித்தாள்..."

கரும்பய்யா டம்ளரைக் கீழே வைத்தார். நிமிர்ந்து உட்கார்ந்து, விரலால் நாற்காலிக் கையில் தாளத்தைத் தட்டிக்கொண்டு, ஒரு சொல் விடாமல் அதைத் திருப்பிப் பாடினார்.